பஃபர் பூல் பழுதா? சி நிரலாளருக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

நெட்வொர்க்கின் அடித்தட்டில், சி மொழியில் வேலை பார்ப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் மாலக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. சின்ன போர்டில் அதை நம்பவும் முடியாது. அதனால் ஒரே அளவுள்ள பஃபர்களை முதலிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குகிறோம். அதுதான் பூல். இதில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: இந்த பஃபரை இப்போது திருப்பித் தர வேண்டியது யார்?

உதாரணங்களைப் பெரும்பாலும் எல்டபிள்யூஐபி ஸ்டாக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். ஸ்வீடனில் ஆடம் டங்கல்ஸ் எழுதத் தொடங்கிய ஸ்டாக் அது. இன்று இஎஸ்பி32, எஸ்டிஎம்32 போர்டுகளைத் தொட்டவர்கள் பலரும், தெரிந்தோ தெரியாமலோ, அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பஃபருக்குப் பெயர் பிபஃப்.

1. டிபக்கரைத் திறப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். எல்டபிள்யூஐபியில் மெம்ப் ஸ்டாட்ஸை இயக்கினால் ஒவ்வொரு பூலுக்கும் மொத்தம் எத்தனை, இப்போது வெளியே எத்தனை, உச்சத்தில் எத்தனை போயிற்று, கேட்டும் கிடைக்காமல் போனது எத்தனை முறை என்ற நான்கு எண்களும் கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் நெட்ஸ்டாட்டை ‘-எம்’ போட்டு ஓட்டினால் இதே மாதிரிக் கணக்கு வரும். சொந்தமாகப் பூல் எழுதியவர்கள் இந்த நான்கு எண்களையாவது சேர்த்துவிட்டு அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

2. எண்களைப் படிக்கும் விதம்: போக்குவரத்தை நிறுத்திய பிறகும் ‘வெளியே’ எண் இறங்கவில்லையா, லீக். பழையபடி இறங்கிவிடுகிறது, ஆனால் ‘கிடைக்கவில்லை’ எண் மட்டும் ஏறுகிறதா, பூல் சிறியது அல்லது யாரோ பஃபரைத் தேவைக்கு மேல் நேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள். டிரைவர் தன் டிஎம்ஏ ரிங்குக்காக நான்கு பஃபரை நிரந்தரமாக வைத்திருந்தால், சும்மா இருக்கும்போதும் எண் நான்கில்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

3. நிறுத்திய உடனே எண்ணாதீர்கள். முகவரி தெரியாமல் ஏஆர்பி வரிசையில் நிற்கும் பேக்கெட், முறை மாறி வந்து டிசிபியில் காத்திருக்கும் பேக்கெட், துண்டு துண்டாக வந்து மீதித் துண்டுக்காகக் காத்திருக்கும் ஐபி பேக்கெட் எல்லாம் நியாயமாகவே பஃபரைப் பிடித்திருக்கும். துண்டுகளைச் சேர்க்கும் காத்திருப்பு மட்டும் இப்போதைய எல்டபிள்யூஐபி பதிப்புகளில் இயல்பாக 15 வினாடி. ஒரு நிமிடமாவது பொறுத்துவிட்டு எண்ணுங்கள்.

4. பூலைப் பெரிதாக்குவது மருந்து அல்ல. எல்டபிள்யூஐபியின் பிபஃப் பூல் இயல்பாக 16. அதை 64 ஆக்கினால் காலையில் நின்ற போர்டு மறுநாள் நிற்கும், அவ்வளவுதான். லீக்கைத் தேடும்போது நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன்: டிரைவர் நிரந்தரமாக வைத்திருப்பது போக, பூலை 4க்குக் குறையுங்கள். நாள்கணக்கில் காத்திருந்தால் மட்டும் தெரியும் பிழை, டீ ஆறுவதற்குள் தெரியும். பஃபர் கிடைக்காதபோது உங்கள் நிரல் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்ற சோதனையும் கூடவே நடந்துவிடும்.

5. இந்தக் குறிப்புதான் முக்கியம். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். பஃபரை வாங்கும், கொடுக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைமேலும் “வெற்றியானால் பஃபர் யாருடையது, தோற்றால் யாருடையது” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எல்டபிள்யூஐபியிலேயே இந்த விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால்தான் இவ்வளவு பேர் தடுக்கி விழுகிறார்கள்.

யுடிபி கால்பேக்கில் வந்த பிபஃப் உங்களுடையது. நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். யுடிபியில் அனுப்பக் கொடுத்த பிபஃபும் உங்களுடையதுதான். அனுப்பிய பிறகும் நீங்களே விடுவிக்க வேண்டும். டிசிபி கால்பேக் வேறு மாதிரி: எல்லாம் சரி என்று பதில் சொன்னால் பஃபர் உங்கள் பொறுப்பு, பிழை என்று பதில் சொன்னால் தொடவே கூடாது, ஸ்டாக் அதை ஒதுக்கி வைத்து மறுபடி உங்களிடம் நீட்டும். (இணைப்பையே முறித்துவிட்டு அதற்கான பிழையைச் சொல்வது மட்டும் தனிக் கணக்கு.) ரா சாக்கெட் கால்பேக்கில் 1 என்று திருப்பினால் ‘நான் எடுத்துக்கொண்டேன்’ என்று பொருள், விடுவிப்பது உங்கள் வேலை, 0 என்றால் ஸ்டாக் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும்.

டிரைவர் பக்கம் வந்தால், வந்த பேக்கெட்டை ஸ்டாக்கின் இன்புட் ஃபங்ஷனிடம் கொடுக்கிறீர்கள். சரி என்று பதில் வந்தால் பஃபரை மறந்துவிடலாம். வேறு எந்தப் பதில் வந்தாலும் டிரைவர்தான் விடுவிக்க வேண்டும். அனுப்பும் பக்கம் இதற்கு நேர்மாறு: ஸ்டாக் கொடுத்த பிபஃபை டிரைவர் விடுவிக்கக் கூடாது. டிஎம்ஏ முடியும்வரை வைத்திருக்க வேண்டுமென்றால் ரெஃபரன்ஸ் எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு, டிஎம்ஏ முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும்.

6. லீக் குடியிருப்பது பிழைப் பாதையில். நல்ல பேக்கெட் போகும் வழியை எல்லோரும் நூறு முறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ‘நீளம் 8 பைட்டுக்குக் குறைவென்றால் ரிட்டர்ன்’ என்ற ஒற்றை வரியை யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். அந்த ரிட்டர்னுக்கு முன்னால் விடுவிப்பு இல்லையென்றால், ஒவ்வொரு குட்டைப் பேக்கெட்டும் ஒரு பஃபரைத் தின்றுவிட்டுப் போகும். அலுவலக மேசையில் மாதக்கணக்கில் ஓடிய போர்டு, வாடிக்கையாளர் இடத்தில் யாரோ போர்ட் ஸ்கேன் ஓட்டிய நிமிடம் செத்துப்போகும்: 16 குட்டைப் பேக்கெட் உள்ளே, 17வதுக்கு இடமில்லை. பிங்குக்குக்கூடப் பதில் வராது. ஆனால் நிரல் கிராஷ் ஆகியிருக்காது, எல்இடி நிம்மதியாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, ஃபங்ஷனிலிருந்து வெளியேற ஒரே வாசல். நடுவில் எங்கே தோற்றாலும் கோடூ போட்டுக் கடைசிக்கு வந்து, அங்கே விடுவித்துவிட்டு ரிட்டர்ன் ஆகட்டும். கோடூ கூடாது என்று கல்லூரியில் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது. லினக்ஸ் கெர்னல் முழுக்க இந்தப் பாணிதான்.

7. சோதனைக்குக் கெட்ட பேக்கெட்டுகளைத் தேடி அனுப்புங்கள். செக்சம் தப்பானது, தலைப்பு பாதியில் அறுந்தது, திறக்காத போர்ட்டுக்கு வந்தது, ஐபி தலைப்பில் ஒரு நீளமும் உண்மையில் வேறு நீளமும் உள்ளது. ஒவ்வொரு வகையிலும் ஆயிரம் அனுப்பிவிட்டு ‘வெளியே’ எண்ணைப் பாருங்கள். நெரிசலையும் உண்டாக்குங்கள். மேலே சொன்ன இன்புட் ஃபங்ஷன் தோற்பது பெரும்பாலும் ஸ்டாக்கின் மெயில்பாக்ஸ் நிரம்பும்போதுதான். நெரிசல் இல்லாமல் அந்தப் பாதை ஓடவே ஓடாது.

8. தரவு போய்க்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். இணைப்பு அறும்போது வரிசையில் நின்ற பஃபர்களை விடுவிக்க மறந்திருந்தால் அப்போதே தெரியும்.

9. பஃபரில் பெயர் வெட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் யார் வீட்டுக்குப் போனாலும் அடியில் உள்ள பெயரைப் பார்த்துத் திரும்பி வருவதில்லையா? அதுபோல டிபக் பில்டில் ஒவ்வொரு பஃபரோடும் இரண்டு புலங்கள் சேருங்கள்: எடுத்த கோப்பின் பெயர், எடுத்த வரி எண். அலாக் ஃபங்ஷனை ஒரு மேக்ரோவால் மூடினால் போதும், கூப்பிடும் இடங்களைத் திருத்த வேண்டாம். பஃபர் கைமாறும் இடங்களிலும் இந்தப் புலத்தைப் புதுப்பித்தால் இன்னும் நல்லது. பூல் காலியானவுடன் எல்லா பஃபர்களின் பெயரையும் சீரியலில் கொட்டுங்கள். 16 வரியில் 13 வரி ஒரே கோப்பின் ஒரே வரி எண்ணைச் சொன்னால், அங்கே போய்ப் பாருங்கள். வேறு ஆராய்ச்சி வேண்டாம். பூல் பிழைக்கு நான் கண்ட கருவிகளில் இதைவிடச் சிக்கனமானது கிடையாது.

10. இரட்டை விடுவிப்பு லீக்கைவிடக் கெட்டது, ஏனென்றால் அடி விழுவது வேறொருவர் மேல். நீங்கள் விடுவித்த பஃபரை அடுத்த நொடி டிசிபி வாங்கிக்கொள்கிறது. ரெஃபரன்ஸ் எண் மறுபடி 1. இப்போது உங்கள் பழைய பாயிண்டரால் இரண்டாம் முறை விடுவிக்கிறீர்கள். எண் 0. டிசிபி இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பஃபர் பூலுக்குத் திரும்பி, மூன்றாவது ஆளுக்குப் போகிறது. கிராஷ் டிசிபிக்குள் நடக்கும், நீங்கள் டிசிபியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இடையில் யாரும் வாங்காமல் இருந்தால் எண் ஏற்கெனவே 0 என்பதை எல்டபிள்யூஐபியின் அசெர்ட் பிடித்துவிடும். ஆகவே அசெர்ட்டுகளை அணைக்காதீர்கள். விடுவித்த அடுத்த வரியில் பாயிண்டரை நல் ஆக்கும் பழக்கமும் வேண்டும்.

11. விடுவித்த பஃபரை விஷமாக்குங்கள். பூலுக்குத் திரும்பும் பஃபரின் தரவுப் பகுதி முழுவதையும் ஒரே பைட்டால் நிரப்புங்கள். விடுவித்த பிறகும் யாராவது படித்தால், வெளியே போகும் பேக்கெட்டில் அந்த பைட் வரிசையாகத் தெரியும்; வயர்ஷார்க்கில் கண்ணிலேயே அடிக்கும். மறுபடி கொடுப்பதற்கு முன் அந்த நிரப்பல் கலைந்திருக்கிறதா என்றும் பார்த்தால், விடுவித்த பிறகு எழுதியவரும் பிடிபடுவார்.

கூடவே இன்னொன்று: டிபக் பில்டில், கடைசியாகத் திரும்பிய பஃபரையே முதலில் கொடுக்காதீர்கள், வரிசையின் வாலில் சேர்த்து, தலையிலிருந்து எடுங்கள். ஏன் என்பதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் நல்ல சாட்சி. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியான நாள்களில், ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர் டெட் அனங்ஸ்ட் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த பஃபர் பட்டியலை அணைத்துவிட்டு, சாதாரண மாலக்கோடு ஓட்டிப் பார்த்தார். இணைப்பு அறுந்தது. நிரல் ஓர் இடத்தில், படித்து முடிக்காத பஃபரை விடுவித்துவிட்டு, பிறகு புதிதாக ஒன்று கேட்கிறது. கடைசியாகப் போனதே முதலில் வரும் பட்டியல் என்பதால் அதே பஃபர், மீதித் தரவு கலையாமல், கைக்கு வந்துவிடுகிறது. பிழை பிழையாகவே தெரியவில்லை. பட்டியலின் தயவில் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது. இந்தப் புகார் 2010லேயே பதிவாகியிருந்தது. அதனால்தான் அதன் எண் சிவிஇ-2010-5298. நான்கு ஆண்டு கழித்துத்தான் கவனிப்பு கிடைத்தது.

12. பூலை அணைத்துவிட்டு ஒரு பில்ட் வைத்திருங்கள். பூல் இருக்கும்வரை அட்ரஸ் சானிடைசர், வால்கிரைண்ட் இரண்டுக்கும் கண் தெரியாது. அவற்றைப் பொறுத்தவரை மொத்தப் பூலும் செல்லுபடியான ஒரே நினைவகம், அதற்குள் யார் எதைத் தொட்டாலும் குற்றமில்லை. எல்டபிள்யூஐபியில் பூல்களை மாலக்குக்குத் திருப்பிவிடும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி, லினக்ஸ் கணினியில், சானிடைசரோடு ஓட்டுங்கள். போர்டில் வாரக்கணக்கில் தேடியது, எந்த வரியில் எடுத்து, எந்த வரியில் விடுவித்து, எந்த வரியில் தொட்டது என்ற மூன்று விவரத்தோடு திரையில் வந்து நிற்கும். பூலை அணைக்கவே முடியாது என்பவர்கள், பஃபர் திரும்பும்போது அந்தப் பகுதியைத் தொடக்கூடாதது என்றும், கொடுக்கும்போது தொடலாம் என்றும் சானிடைசருக்குக் கையால் சொல்லலாம். அதற்கான மேக்ரோக்கள் உண்டு. வால்கிரைண்டிலும் பூலுக்கென்றே தனி மேக்ரோக்கள் உண்டு.

13. ஒரு பேக்கெட் என்றால் ஒரு பஃபர் என்று நினைக்காதீர்கள். எல்டபிள்யூஐபியின் இயல்பான அமைப்பில் பூல் பஃபர் ஏறக்குறைய 590 பைட்தான். 1514 பைட் ஈதர்நெட் ஃபிரேம் மூன்று பஃபர் கொண்ட சங்கிலியாக வரும். அப்படி ஐந்து வந்தால் 16ல் 15 தீர்ந்துவிடும். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு நீளங்கள்: இந்தக் கண்ணியில் மட்டும் எவ்வளவு, இங்கிருந்து பேக்கெட் முடியும்வரை எவ்வளவு. மொத்த நீளத்தைப் பார்த்துவிட்டு முதல் கண்ணியிலிருந்தே அவ்வளவையும் மெம்காப்பி செய்தால் பக்கத்து பஃபரையும் சேர்த்துப் படிப்பீர்கள். சங்கிலியைத் தாண்டித் தாண்டி நகலெடுக்கும் பிபஃப் காப்பி பார்ஷியல் இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த இரண்டு நீளங்கள் ஒத்துப்போகாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் ஜேஎஸ்ஓஎஃப் நிறுவனம் வெளியிட்ட ரிப்பிள்20 காட்டியது. ட்ரெக் என்ற டிசிபி/ஐபி ஸ்டாக்கில் 19 ஓட்டைகள். அவற்றில் ஒன்றான சிவிஇ-2020-11896ல், தேவைக்கு மேல் நீளமாக வந்த பேக்கெட்டை வெட்டும் இடம், பேக்கெட் ஒரே துண்டாகத்தான் இருக்கும் என்று நம்பி நீளங்களை மாற்றியது. சங்கிலியாக வந்தபோது துண்டுகளின் கூட்டுத்தொகை மொத்தத்தைவிட அதிகமாகிவிட்டது. மொத்தத்தின் அளவுக்கு இடம் ஒதுக்கி, துண்டுகளின் அளவுக்கு நகலெடுத்தால் வழியத்தானே செய்யும்? நீளத்தை மாற்றும் ஒவ்வொரு ஃபங்ஷனின் முடிவிலும் கண்ணிகளைக் கூட்டிப் பார்த்து ஒரு அசெர்ட் வையுங்கள்.

14. சங்கிலிகளை இணைக்கும் ஃபங்ஷன் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பிபஃப் கேட், வால் பகுதியின் உரிமையையும் எடுத்துக்கொள்ளும். அதன்பின் வாலை நீங்கள் விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. பிபஃப் செயின், வாலின் ரெஃபரன்ஸ் எண்ணை ஒன்று கூட்டும். நீங்கள் விடுவிக்காவிட்டால் லீக்.

15. இன்டரப்ட்டுக்குள் பஃபர் எடுக்கிறீர்களா? எண்ணை ஒன்று குறைப்பது சி மொழியில் ஒரே வரி. ப்ராசசருக்கோ படி, கழி, எழுது என்று மூன்று வேலை. நடுவில் இன்டரப்ட் புகுந்து அதே எண்ணைத் தொட்டால் ஒரு குறைப்பு காணாமல் போகும். வாரத்துக்கு ஒரு முறை வரும் பிழை என்றால் முதலில் இங்கே சந்தேகப்படுங்கள். எல்டபிள்யூஐபியின் லைட்வெயிட் ப்ரொடெக்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். அது பூலை மட்டும்தான் காக்கும். மற்ற த்ரெட்களிலிருந்து டிசிபி, யுடிபி ஃபங்ஷன்களை நேரடியாகக் கூப்பிடுவது வேறு குற்றம்; கோர் லாக் அசெர்ட்டை இயக்கினால் அது பிடிபடும்.

16. கார்டெக்ஸ்-எம்7 போர்டில் தரவு சில சமயம் மட்டும் கெடுகிறதா? கேஷ் வரி 32 பைட். பஃபர் 32ன் மடங்கில் தொடங்கி 32ன் மடங்கில் முடியாவிட்டால், அதன் கேஷை இன்வாலிடேட் செய்யும்போது பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாறியின் புது மதிப்பும் சேர்ந்து அழியும். டேட்டா கேஷை அணைத்து ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வேகம் குறைந்ததாலும் மறைந்திருக்கலாம், ஆகவே முகவரிகளை அச்சிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

17. டிசிபி ரைட்டில் காப்பி கொடியைப் போடாமல் லோக்கல் அரேயைக் கொடுக்காதீர்கள். எதிர்முனை அக் அனுப்பும்வரை அந்த நினைவகம் அப்படியே இருக்க வேண்டும். முதல் முறை பெரும்பாலும் சரியாகவே போகும். பேக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பும்போதுதான் குப்பை போகும். நல்ல கேபிளில் ஒருநாளும் தெரியாது.

18. வந்த தரவைப் படித்து, பஃபரையும் விடுவித்த பிறகு இணைப்பு உறைந்து நிற்கிறதா? டிசிபி ரிசீவ்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட மறந்திருப்பீர்கள். விண்டோ சுருங்கிப் பூஜ்யமாகியிருக்கும். பூல் பிழை போலத் தெரியும், பூல் பிழை அல்ல.

19. சர்வர் பக்கம் டிபிடிகேயில் வேலை செய்பவர்களுக்கு. இன்டெல்லில் வெங்கி வெங்கடேசன் உருவாக்கிய இந்த நூலகத்தில் பஃபருக்குப் பெயர் எம்பஃப். அனுப்பும் டிஎக்ஸ் பர்ஸ்ட் ஃபங்ஷன் எத்தனை பேக்கெட்டை ஏற்றுக்கொண்டது என்று ஓர் எண் திருப்பும். 32 கொடுத்து 29 என்று வந்தால் மிச்சம் மூன்று உங்களுடையவை. மறுபடி அனுப்புங்கள் அல்லது விடுவியுங்கள். திருப்பிய எண்ணைப் பார்க்காத நிரல், நெரிசல் வரும்வரை ஒழுங்காக ஓடும். இன்னொரு விஷயம், பூலில் ஒவ்வொரு கோருக்கும் தனி பஃபர் கேஷ் உண்டு. ஒரு கோரின் கேஷில் சும்மா கிடக்கும் பஃபரை மற்றொரு கோர் எடுக்க முடியாது. ஆகவே பூலின் அளவு, ரிங்குகளில் நிற்பவை, கையில் இருப்பவை, எல்லாக் கேஷ்களும் நிரம்பினால் ஆகும் எண்ணிக்கை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அளவை 8191 போல, இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவாக வைத்தால் நினைவகம் வீணாகாது. ஆர்எக்ஸ் நோ எம்பஃப் என்ற எண்ணியைக் கண்காணியுங்கள்.

20. காவல் பைட்டுகளை அளவோடு போடுங்கள். எல்டபிள்யூஐபியின் ஓவர்ஃப்ளோ செக் 1 என்றால் விடுவிக்கும்போது அந்த பஃபரின் ஓரங்களை மட்டும் பார்க்கும். 2 என்றால் ஒவ்வொரு முறையும் எல்லாப் பூலையும் பார்க்கும். 2ல் போர்டு ஆமையாகிவிடும், நேரம் சார்ந்த பிழைகள் ஒளிந்துகொள்ளும். 1ல் தொடங்குங்கள்.

21. திருத்திய பிறகு, ஒவ்வொரு தானியங்கிச் சோதனையின் முடிவிலும் ‘வெளியே’ எண் தொடக்கத்தில் இருந்த அளவுக்குத் திரும்பியதா என்று ஒரு அசெர்ட் சேருங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் பில்டிலும் எண்ணிகளை அணைக்காதீர்கள். ஒரு பூலுக்குச் சில பைட்டுகள்தான் செலவு, போனில் புகார் வரும்போது கேட்பதற்கு அந்த நான்கு எண்களாவது இருக்கும்.

22. பிழை உங்கள் நிரலில் இல்லை, ஸ்டாக்கிலேயே இருக்கிறது என்று உறுதியானால், உங்கள் பிரதியில் மட்டும் ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். பிழையைக் காட்டும் பேக்கெட் கேப்சரையும் மிகச் சிறிய நிரலையும் சேர்த்து, அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள்.